வேட்டுச் சத்தம் ஓய்ந்த வத்திராயிருப்பு மலையடி

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்ப வேண்டும். அதுவரை கூடவே வந்த கரிசல் காடு பின்னால் நின்றுவிடும். நெல் வயல், தென்னந்தோப்பு, வாழை, மாமரம், கண்மாய் என்று பச்சை தொடங்கும். முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக எழுந்து, ஊரை மூன்று பக்கமும் அணைத்துக்கொள்ளும். அந்த அணைப்புக்குள் இருக்கிறது வத்திராயிருப்பு. சுற்றுவட்டாரத்தில் கேட்டால் ‘வத்ராப்’ என்பார்கள். பஸ் கண்டக்டர் கூப்பிடுவதும் அப்படித்தான்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் சதுரகிரிக்குப் போகும் பக்தர்கள். தாணிப்பாறையில் இறங்கி, சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க மலை ஏறுவார்கள். ஆடி அமாவாசை என்றால் கூட்டத்துக்குச் சொல்லவே வேண்டாம். சிலர் பிளவக்கல் அணையைப் பார்க்க வருவார்கள். 2025-ல் ஒரு செல்போன் வீடியோவால் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட கூமாபட்டி, அணைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அதன் பிறகு செல்ஃபிக்காகவும் ஒரு கூட்டம் வருகிறது.

கோயிலும் அணையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு கதை இந்த மலையடியில் உண்டு. துப்பாக்கியின் கதை. பாளையக்காரர் காலத்தில் தொடங்கி, ஜமீன் வேட்டை வழியாக வந்து, பன்றி மேயும் கடலைக் காட்டில் இன்றுவரை முடியாமல் நிற்கும் கதை.

மலை இறங்கி வரும் விருந்தாளிகள்

முதலில் மலையைப் பற்றி. வத்திராயிருப்புக்கு மேலே இருப்பது சாதாரணக் காடு இல்லை. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. சாம்பல் நிற அணில், நம் வீட்டுச் சுவரில் ஓடும் மூன்று கோட்டு அணிலைவிடப் பல மடங்கு பெரியது. மரத்திலிருந்து மரத்துக்குத் தாவியே வாழ்க்கையை ஓட்டிவிடும். தரையில் இறங்குவது அதற்குப் பிடிக்காது. இந்தியாவைத் தவிர இலங்கையிலும் இது உண்டு.

2021 பிப்ரவரியில் இந்தக் காடும், வடக்கே ஒட்டியிருக்கும் தேனி மாவட்டத்து மேகமலைக் காடும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் 5-வது, இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம். பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். மேற்கே மலையைத் தாண்டினால் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். ஆக, புலிக்கும் யானைக்கும் மாநில எல்லை இல்லாத ஒரே பெருங்காடு இது.

யானை, புலி, சிறுத்தை, காட்டு மாடு, மிளா, புள்ளிமான், கேளையாடு, உச்சிப் பாறைகளில் வரையாடு. இவற்றோடு மலையை விட்டுத் தாராளமாக இறங்கி வருகிற ஒன்று காட்டுப்பன்றி. இரவில் குடும்பத்தோடு வரும். தின்பதைவிடக் கிண்டிப் போடுவது அதிகம். நிலக்கடலைக் கொடியைப் புரட்டும், மக்காச்சோளத்தை மடக்கும், வாழையின் கிழங்கைத் தோண்டும், புதிதாக நட்ட தென்னங்கன்றின் குருத்தைப் பிடுங்கும். இருபது பன்றி ஒரே இரவில் புகுந்த காட்டை மறுநாள் காலையில் பார்த்தால், டிராக்டர் விட்டு உழுதது போல இருக்கும்.

இப்படிப்பட்ட காட்டோரத்தில் ஒரு காலத்தில் காவலுக்குத் துணை நின்றது துப்பாக்கி.

மூன்று துப்பாக்கிகள்

‘வேட்டைத் துப்பாக்கி’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டு ஊர்களில் அதில் மூன்று ரகம் உண்டு.

முதலாவது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, துணியோ நாரோ வைத்து, ஈய ரவையைக் கொட்டி, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒருமுறை வெடித்தால், அடுத்த வெடிக்கு மறுபடி முதலிலிருந்து இத்தனையும் செய்ய வேண்டும். அதற்குள் பன்றி பக்கத்து ஊருக்கே போய்விடும். ஆனாலும் அதன் சத்தத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. பல நேரம் சத்தம்தான் வேலை செய்தது. ரவை படுவது அபூர்வம்.

இரண்டாவது, ‘பன்னிரண்டு போர்’ என்று பெயர் வாங்கிய தோட்டாத் துப்பாக்கி. ஒற்றைக் குழலும் உண்டு, இரட்டைக் குழலும் உண்டு. வங்கி வாசலில் முன்னாள் ராணுவத்தார் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். பன்னிரண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக நுழையும். அதனால்தான் அந்தப் பெயர். இதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். ரவை சிதறிப் போகும். நாற்பது, ஐம்பது மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது.

மூன்றாவது ரைஃபிள். குழலுக்குள் திருகுபோல வரி வெட்டியிருப்பார்கள். தோட்டா பம்பரம்போலச் சுழன்றுகொண்டே பாயும். அதனால் நேராகப் போகும், வெகுதூரம் போகும். ராணுவத்தின் ஆயுதம் இதுதான். வேட்டைக்காரர்கள் ஆசைப்பட்டதும் இதற்குத்தான்.

ராணுவத் துப்பாக்கி வேட்டைக்கு வந்த விதம்

‘திரீ நாட் திரீ’ என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் குறைவு. போலீஸ் ஸ்டேஷனில், பழைய சினிமாவில், தேசிய மாணவர் படை நினைவுகளில், ராணுவத்திலிருந்து திரும்பிய தாத்தாவின் பேச்சில் அந்தப் பெயர் வரும். அது பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள். 1895-ல் படைக்கு வந்தது. இரண்டு உலகப் போர்களிலும் சுட்டது. கொல்கத்தாவுக்கு அருகே உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலையில் நம் நாட்டிலேயே தயாரானது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது.

போர் முடிந்தால் துப்பாக்கிகள் மிஞ்சும். மிஞ்சியதை என்ன செய்வது? அமெரிக்காவிலும் கனடாவிலும் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லீ-என்ஃபீல்டு, ஜெர்மனியின் மௌசர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு எல்லாம் அடிமாட்டு விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் முன்பக்கத்து மரக்கட்டையை அறுத்தார்கள், குழலைக் குட்டையாக்கினார்கள், தோளில் வைக்கும் கட்டையை மாற்றினார்கள், குறிபார்க்கக் கண்ணாடி பொருத்தினார்கள். போர்த் துப்பாக்கி, மான் வேட்டைத் துப்பாக்கி ஆனது. தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். 1963-ல் அதிபர் கென்னடியைச் சுடப் பயன்பட்டது அப்படித் தபாலில் வாங்கிய இத்தாலிய ராணுவத் துப்பாக்கிதான். 1968-ல் வந்த சட்டம் அந்தத் தபால் வியாபாரத்தை நிறுத்தியது.

கனடாவின் வட துருவப் பகுதியில் ஊர்க்காவல் செய்யும் கனேடியன் ரேஞ்சர்கள், பனிக்கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள லீ-என்ஃபீல்டைத்தான் சமீப காலம் வரை வைத்திருந்தார்கள். கடுங்குளிரிலும் சிக்கிக்கொள்ளாது என்பது அதற்கு இருந்த பெயர். 2018 முதல்தான் அவர்களுக்குப் புதுத் துப்பாக்கி வரத் தொடங்கியது.

இந்தியாவில் கதை வேறு. ஆள்கிறவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா, வெளியாள் கையிலிருக்கும் துப்பாக்கியில் பொருந்திவிட்டால்? அதனால் ராணுவம் பயன்படுத்தும் அளவில் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1907 வாக்கில் .450 என்ற அளவுக்கு இங்கே தடை வந்ததும், யானை வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் கம்பெனிகள் .470, .465 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் போட்ட கையெழுத்துக்காக லண்டனில் அச்சை மாற்றினார்கள் என்றும் சொல்லலாம்.

.303-க்கும் அதே தடைதான். அதற்கு ஒரு குறுக்கு வழி பிறந்தது. லீ-என்ஃபீல்டின் உடம்பு அப்படியே இருக்கும், குழலின் அளவு மட்டும் மாறும். அந்த அளவு .315, அதாவது 8 மில்லிமீட்டர். அதில் போடும் தோட்டா யாருடையது தெரியுமா? ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய தோட்டா. இந்தியப் படையிடம் அந்தத் தோட்டா கிடையாது என்பதால் திருட்டுப் பயமும் கிடையாது. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி இந்த ரகத்தைச் செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இச்சாப்பூரே செய்தது. உரிமம் உள்ளவர்கள் வாங்கும் ‘முந்நூற்றுப் பதினைந்து’ அதுதான். பிரிட்டிஷ் போர்த் துப்பாக்கியின் உடம்பு, ஆஸ்திரியப் போர்த் தோட்டாவின் உயிர். அதற்கு நம் ஊரில் வைத்த பெயர் ‘ஸ்போர்ட்டிங் ரைஃபிள்’!

ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போன ஜிம் கார்பெட்டின் கையில் இருந்த .275 ரிக்பி ரைஃபிளும், ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான மௌசர் அமைப்பில் கட்டியதுதான். நம் தருமபுரி, சேலம் காடுகளில் அலைந்து திரிந்த பெங்களூருக்காரர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். இவர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு வேட்டை என்றால் வீரம். ஆனால் அந்த இருவருமே பிற்காலத்தில் காட்டைக் காப்பாற்றச் சொல்லித்தான் எழுதினார்கள்.

பாளையம் முதல் ஜமீன் வரை

வத்திராயிருப்பு வட்டாரத்தில் கான்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ‘கான்சாகிப்’ என்று அழைக்கப்பட்ட மருதநாயகம் யூசுப்கானின் பெயரை நினைவூட்டும் ஊர். கம்பெனிப் படையின் தளபதியாக இருந்து, பூலித்தேவன் போன்ற பாளையக்காரர்களோடு மோதி, பிறகு கம்பெனியையே எதிர்த்து, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். இந்த மலையடி அந்தக் காலத்தில் துப்பாக்கியும் வேலும் வளரியும் சேர்ந்து புழங்கிய போர்க்களம்.

1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் வீழ்ந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தென் பாளையங்களில் கோட்டைகள் தகர்க்கப்படும், யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். துப்பாக்கி முதல் ஈட்டி வரை எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது 1878-ல். தென் தமிழ்நாட்டுக்கு அது முக்கால் நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது.

1878 சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. இந்தியர்களுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு வேண்டாம். ஆக, காட்டில் துப்பாக்கியோடு திரிந்தவர்கள் துரைமார்களும், அவர்கள் தயவில் உரிமம் பெற்ற ஜமீன்தார்களும்தான். ராஜபாளையத்தை ஒட்டிய சேத்தூர், தெற்கே சிவகிரி ஜமீன்களின் எல்லை மலை வரை நீண்டது. வேட்டை அவர்களுக்குப் பொழுதுபோக்கு, பெருமை, விருந்தினருக்குத் தரும் மரியாதை.

சாமானியனிடம் துப்பாக்கிக்குப் பதில் நாய் இருந்தது. ராஜபாளையம் நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பன்றியை மறித்து நிற்கும் துணிச்சல். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. மலையிலேயே வாழும் பளியர் மக்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. தேன் எடுத்து, கிழங்கு தோண்டி, காட்டோடு சண்டையில்லாமல் பிழைத்தவர்கள் அவர்கள்.

ஒவ்வொன்றாக மூடிய கதவுகள்

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. விவசாயியை அது மறக்கவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சுடுவதற்கு விலங்கு வேண்டுமே? 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. பொழுதுபோக்கு வேட்டை என்ற சொல்லுக்கே இந்தியச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

மலையடி ஊர்களுக்கு இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமக்காரர்கள் தங்கள் பெயரை வனத்துறையில் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிதாக உரிமம் தருவதானால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதத்தை முதலில் வாங்க வேண்டும். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம்.

அதோடு வழக்கமான அலைச்சல்கள். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்பா இறந்துவிட்டால் துப்பாக்கி தானாக மகனுக்கு வராது. மகன் தன் பெயரில் உரிமம் கேட்க வேண்டும், இல்லையேல் ஒப்படைக்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் மகனுக்கு எதற்குத் துப்பாக்கி? இப்படித்தான் பல வீடுகளில் அது ஒப்படைப்பு ரசீதாக முடிந்தது.

கதவுகள் மூடியதால் காடு பிழைத்தது. இதில் சந்தேகமே வேண்டாம். வேட்டை தடையின்றி நடந்திருந்தால், இந்த மலையைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப் புலி மிஞ்சியிருக்காது.

கண் இல்லாத ஆயுதங்கள்

ஆனால் பன்றியும் பிழைத்தது. அதன் பெருக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே ஈற்றில் நாலைந்து குட்டி சாதாரணம். விளைச்சலை நம்பிக் கடன் வாங்கியவர் என்ன செய்வார்?

சங்க காலத்திலேயே தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவல் இருந்தார்கள். தழல், தட்டை, குளிர் என்று ஒலியெழுப்பி விரட்டும் கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. இன்றைய மலையடி விவசாயியும் அதையேதான் செய்கிறார். கருவிதான் வேறு. வீட்டுப் பெண்களின் பழைய சேலைகளை வயலைச் சுற்றி வேலியாகக் கட்டுகிறார். சலூனிலிருந்து வெட்டிய முடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்பில் தூவுகிறார். காலி பாட்டில்களைக் கயிற்றில் தொங்கவிடுகிறார். டார்ச்சோடும் பட்டாசோடும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலேயே சிவகாசி, பட்டாசுக்கா பஞ்சம்? ஆனால் பன்றி புத்திசாலி. பத்து நாளில் எல்லாம் பழகிவிடும்.

பொறுமை தீர்ந்த இடத்தில் இரண்டு ஆயுதங்கள் நுழைகின்றன. ஒன்று திருட்டு மின்வேலி. மற்றொன்று அவுட்டுக்காய்.

முறையான சூரிய மின்வேலி வேறு. அதில் நொடிக்கு ஒருமுறை, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக மின்துடிப்பு போகும். சுளீர் என்று அடிக்கும், கொல்லாது. திருட்டு வேலி அப்படியில்லை. வீட்டுக்கும் மோட்டாருக்கும் வரும் மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொக்கி போட்டு விடுவது. தொட்டால் விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் தவித்து நின்றதை நாடே பார்த்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து முறைப்படுத்தத் தனி விதிகள் கொண்டுவந்தது.

அவுட்டுக்காய் என்பது பழத்திலோ தீனியிலோ பொதிந்து வைக்கும் நாட்டு வெடி. கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததைப் பசு கடிக்கும், நாய் கடிக்கும், யானை கடிக்கும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று, வலி தாங்காமல் ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிரை விட்டது. இலங்கையில் இதன் உறவினன் ‘கட்டுத்துவக்கு’. மரத்தில் துப்பாக்கியைக் கட்டி, விசையிலிருந்து வழியின் குறுக்கே கயிறு இழுத்துவிடுவார்கள். யார் கால் தட்டினாலும் வெடிக்கும்.

துப்பாக்கிக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனிதனின் கண் இருக்கும். எதிரே நிற்பது பன்றியா, பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று பார்க்கும். உரிமத்தில் பெயர் இருக்கும், தோட்டாவுக்குக் கணக்கு இருக்கும், தவறு செய்தால் கேட்க ஆள் இருக்கும். கம்பிக்கும் வெடிக்கும் கண் இல்லை, பெயர் இல்லை. அதிகாலையில் வரப்பில் நடந்து வந்த விவசாயியையே அவை கொன்ற செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். சில நேரம் வேலி போட்டவர், சில நேரம் அவர் வீட்டு ஆள்.

அப்படியானால் பழையபடி எல்லோருக்கும் துப்பாக்கி கொடுத்துவிடலாமா? அதுவும் சரிவராது. ரைஃபிள் தோட்டா ஒரு மைலுக்கு மேலும் பறக்கும். ஆளில்லாத பனிவெளியில் அது பொருந்தும். தோப்புக்குத் தோப்பு ஆள் காவல் படுத்திருக்கும் வத்திராயிருப்பில் குறி தப்பிய தோட்டா எங்கே போய் நிற்கும்? பயிரைக் காக்க வாங்கும் துப்பாக்கி, கறிக்காக மிளாவின் பக்கம் திரும்பாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கள்ளத்தனமான நாட்டுத் துப்பாக்கிகளுக்காக வனத்துறை இன்றும் சோதனை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் சிறை.

மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் ஒரு வழியை முயன்றது. 2022-ல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கௌரவ வன உயிரினக் காப்பாளர் என்ற பொறுப்பைக் கொடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்களே உத்தரவிடலாம். சுடுவது உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர். மூலையில் கிடந்த பழைய துப்பாக்கிகளுக்கு அங்கே மறுபடி வேலை வந்தது. அதற்கு முன்பே 2015, 2016-ல் மத்திய அரசு உத்தராகண்ட், பீகார் மாநிலங்களில் சில பகுதிகளில் காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்கு செய்யும் விலங்கென அறிவித்துப் பார்த்ததும் உண்டு.

தமிழ்நாடு வேறு வழியை எடுத்தது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வரும் பன்றியை மட்டும் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் சுட வேண்டும், விவசாயி அல்ல. துப்பாக்கி இருக்கட்டும், ஆனால் பயிற்சியும் பொறுப்பும் உள்ள கையில் இருக்கட்டும் என்பது இதன் பொருள்.

இந்தக் கணக்கில் மலையடி விவசாயிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. காட்டை ஒட்டியிருப்பவர் நிலம் முதல் கிலோமீட்டருக்குள்தான் வரும். பன்றி முதலில் புகுவது அவர் வயலில். அவருக்கு இந்த உத்தரவால் தோட்டா உதவி கிடையாது. அவருக்கு வேண்டியது தரமான சூரிய வேலி, அதற்கான மானியம், சேதத்துக்கு இழுத்தடிக்காத நிவாரணம், கூப்பிட்டால் வந்து பார்க்கும் வனக்காவலர். இவை நேரத்துக்குக் கிடைக்கும் ஊரில் யாரும் கொக்கி போட மாட்டார்கள். கிடைக்காத ஊரில் எந்தச் சட்டத்தாலும் அதைத் தடுப்பது கடினம். காட்டின் காவல் காட்டோர வயலில் தொடங்குகிறது.

இப்போதும் இந்தக் காடுகளில் ரோந்து போகிறவர்களை ‘வேட்டைத் தடுப்புக் காவலர்’ என்று அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினர் பலரும் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் துரைக்கும் ஜமீனுக்கும் காட்டில் வழிகாட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று வேட்டைக்காரனின் கால்தடத்தைத் தேடி நடக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு

வத்திராயிருப்புக்கு மழைக்குப் பிந்தைய மாதங்களில் போனால் கண்மாய்கள் நிறைந்திருக்கும், வயல்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். சதுரகிரி ஏறுகிறவர்கள் அனுமதி நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வனத்துறை மழை எச்சரிக்கை கொடுத்தால் வாதாட வேண்டாம். இந்த மலையில் ஓடைகள் நிமிட நேரத்தில் பெருகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளையும் பால்கோவாவையும் முடித்துக்கொண்டு செண்பகத்தோப்புப் பக்கம் போனால், மரத்தின் உச்சியில் நீண்ட வால் ஒன்று தொங்குவதைப் பார்க்க வாய்ப்புண்டு. சாம்பல் நிற அணிலாக இருக்கலாம். சத்தம் போடாமல் நின்றால் அதிக நேரம் பார்க்கலாம்.

மாலை மங்கிய பிறகு தோப்பு வழிகளில் ‘ஷார்ட் கட்’ தேட வேண்டாம். வேலிக் கம்பி எதுவானாலும் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொடவிடாதீர்கள். பாதையோரம் கிடக்கும் பழத்தையோ உருண்டையையோ காலால்கூடத் தள்ள வேண்டாம். சாப்பிட்ட மிச்சத்தைக் காட்டோரத்தில் கொட்டாதீர்கள். பன்றி ஊருக்குள் வரும் வழியை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் குப்பைதான்.

வயலைச் சுற்றிக் கலர் கலராகச் சேலை பறப்பதைப் பார்த்தால், திருவிழா அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கியும் இல்லாமல், கண்மூடி ஆயுதமும் வைக்காமல், மலையோடு ஒத்துப் போக ஒரு குடும்பம் விடிய விடிய எடுக்கும் முயற்சி அது. அந்தச் சேலைக்குப் பின்னால் விளைந்ததுதான் சந்தையில் நாம் வாங்கும் கடலையும் தேங்காயும்.